பழைய மெரினா: ஓட்டுகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: சார், உறவினர் ஒருவர் தன்னுடைய 2006 மாடல் டாடா இண்டிகோ மெரினா டீசலைக் (பின்பக்கம் சாமான் வைக்க நீண்டிருக்கும் வேகன் கார்) கொடுக்கிறேன் என்கிறார். தோட்டத்துக்கு பைப், உர மூட்டை ஏற்றவும் வேண்டும், குடும்பத்தோடு வெளியூர் போகவும் வேண்டும். எஞ்சின் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கினால் முதல் செலவு எதற்கு? (வாசகர், தாராபுரம்)

பதில்: டைமிங் பெல்ட்டுக்கு, அதாவது வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் பெல்ட்டுக்கு. எஞ்சின் சத்தத்தை வைத்து மட்டும் மயங்கிவிடாதீர்கள். இந்த 1,405 சிசி எஞ்சின் டாடாவின் இண்டிகா காரில் வந்த அதே குடும்பம்தான், முரட்டு ஜாதி, லேசில் படுக்காது. ஆனால் ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அப்புறம் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "போன வருஷம்தான் மாத்தினோம்" என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள். அடுத்தது ரேடியேட்டர் ஹோஸ்கள். எஞ்சின் நன்றாக ஆறியபிறகு விரலால் அமுக்கிப் பாருங்கள், மொறமொறவென்று இருந்தாலும் சரி, கிளாம்ப் அருகே உப்பியிருந்தாலும் சரி, மாற்ற வேண்டியதுதான். சில நூறு ரூபாய் ஹோஸ் நடுரோட்டில் வெடித்து, டெம்பரேச்சர் முள்ளைக் கவனிக்காமல் ஓட்டினால், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போய்விடும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிதானா என்பது ரிசர்வாயரில் தெரியும் துருவின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே இருந்து பாருங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைக்க விடாதீர்கள். சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினைச் சூடாக்கும் பிளக்) விளக்கு அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் ஒரு பிளக் போயிருக்கும், சின்னச் செலவு. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால், உறவு கெடாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீலோ பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர், டீசல் தெளிக்கும் நாசில் பக்கம் போங்கள்.

கேள்வி: கொல்லிமலை ஏறும்போது வளைவுகளில் வண்டி திணறுகிறது, கிளட்ச் தீய்ந்த வாசனை வருகிறது. கிளட்ச் பிளேட் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (வாசகர், நாமக்கல்)

பதில்: மாற்ற வேண்டியும் இருக்கலாம், ஆனால் முதலில் உங்கள் இடது காலைக் கவனியுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் அரை கிளட்ச் வைத்து இழுத்தால் புது பிளேட்டும் தீயத்தான் செய்யும். எஞ்சின் சுற்று விழுந்துவிட்டால் டர்போ காற்றை அழுத்தாது, இழுவையும் இருக்காது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, கிளட்சை முழுசாக விட்டு, எஞ்சினைப் பாட விடுங்கள். சத்தத்துக்குப் பயந்து சீக்கிரம் கியர் மாற்றுவதுதான் நம் ஆட்களின் வழக்கம். சமதளத்தில் நான்காவது கியரில் மிதிக்கும்போது எஞ்சின் சுற்று ஏறி வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால், அப்போது மெக்கானிக் சொல்வது சரி. கிளட்சோடு வரும் பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்தே போடுங்கள், கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கிக் கூலி கொடுப்பானேன். மேலே போய் நின்றதும் உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள், டர்போவுக்கு நல்லது. இறங்கும்போது நியூட்ரல் கூடவே கூடாது.

கேள்வி: மெரினாவின் பின் விளக்கு உடைந்துவிட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை. 20 வருடமும் ஆகப் போகிறது, வைத்திருக்க முடியுமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: எஞ்சின் பாகங்கள் இண்டிகாவால் பிழைத்துக்கொள்ளும். வேகனுக்கு மட்டுமே உரிய பின்கதவு, பின்கண்ணாடி, விளக்கு இவைதான் தலைவலி. பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் சென்னை புதுப்பேட்டையில் அலைந்து பாருங்கள், பழைய விளக்கை கையோடு கொண்டுபோங்கள், போட்டோ போதாது. கிடைத்தால் ஜோடியாக வாங்குங்கள்.

டீசல் வண்டிக்குப் பத்து வருடம் என்ற கெடுபிடி டெல்லித் தலைநகர்ப் பகுதிச் சமாச்சாரம், நமக்கு இல்லை. இங்கே 15 வருடம் முடிந்த பிறகு வண்டியின் பதிவை (ஆர்.சி.) ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். முடிவு தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும், பழைய வண்டிகளுக்கான பசுமை வரியும் உண்டு. 20 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். அதனால் அந்த விளக்கை இப்போதே தேடுங்கள், உடைந்த விளக்கோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.