பச்சை விளக்கை நம்பலாமா?

கேள்வி: எங்கள் கிளினிக்கில் அரிய நோய்களின் தரவுத்தளமான ஆர்ஃபாநெட்டின் தரவை இறக்கி வைத்து, அந்த நோய்களைத் தேட ஒரு சிறு கருவி ஓட்டுகிறோம். நிலையைக் கேட்டால் தினமும் 'நலம்' என்றுதான் வருகிறது. ஆனால் ஜிபிஏ1 என்ற மரபணுவைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. கோளாறு கருவியிலா, தரவிலா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: பெரும்பாலும் தரவில்தான். 'நலம்' என்ற பதிலுக்கு சர்வர் விழித்திருக்கிறது என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. உள்ளே இருப்பது எந்த வருடத்துச் சரக்கு என்று அது பார்ப்பதே இல்லை. கோஷே (Gaucher) என்ற அரிய பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணுவின் பழைய பெயர் ஜிபிஏ. மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு பின்னால் அதை ஜிபிஏ1 ஆக்கியது. பழைய பெயரில் ஒருமுறை தேடுங்கள். கோஷே வந்தால், உங்களிடம் இருப்பது பெயர் மாறுவதற்கு முந்திய பிரதி. இரண்டிலும் வராவிட்டால் மரபணு ஃபைலே ஏறவில்லை என்று பொருள். ஆர்ஃபாநெட் நோய்ப் பெயர்களை ஒரு ஃபைலாகவும் மரபணுத் தொடர்பை வேறொரு ஃபைலாகவும் தருகிறது. ஒன்று ஏறி மற்றது ஏறாமல் போனால் நோய்ப் பெயர்கள் எல்லாம் அழகாக வரும், மரபணுப் பக்கம் மட்டும் காலியாக இருக்கும்; யாருக்கும் சந்தேகம் வராது.

பிரதியின் வயதைப் பார்க்க ஃபைலின் பிராப்பர்ட்டீஸ் உதவாது. அங்கே தெரிவது நீங்கள் இறக்கிய நாள் அல்லது வேறு டிரைவுக்கு நகலெடுத்த நாள். ஆர்ஃபாநெட் தரும் எக்ஸ்எம்எல் ஃபைலை நோட்பேடில் திறந்தால், உச்சியில் முதல் ஓரிரு வரிகளிலேயே வெளியீட்டுத் தேதி இருக்கும். நோய்களையும் அவற்றின் அறிகுறிகளையும் இணைக்கும் எச்பிஓ (HPO) ஃபைலிலும் தலைப்பகுதியில் ஹேஷ் குறியோடு தொடங்கும் வரிகளில் வெர்ஷன் தேதி உண்டு. கருவி 'நலம்' சொல்லும்போதே இந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லும்படி எழுதி வையுங்கள்.

பிரதி எவ்வளவு பழையதானால் கருவி எச்சரிக்க வேண்டும் என்பதற்கு எல்லா மூலத்துக்கும் ஒரே காலக்கெடு வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆர்ஃபாநெட்டின் இலவசத் தரவு வருடத்துக்கு இருமுறை வருகிறது. அதற்கு ஏழு மாதம் வரை பொறுக்கலாம். மரபணு மாற்றங்களின் தரவுத்தளமான கிளின்வார் வாராவாரம் மாறும், மரபணுக்களையும் மரபு நோய்களையும் தொகுக்கும் ஓமிம் தினமும் மாறும். அந்த இரண்டுக்கும் ஏழு மாதம் என்று வைத்தால் எச்சரிக்கை வந்து பயனில்லை. ஆர்ஃபாநெட்டுக்கு ஏழு நாள் என்று வைத்தாலோ வருடம் முழுக்கச் சிவப்பு எரியும், பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து, விடை தெரிந்த கேள்விகளைத் தினமும் ஒருமுறை கருவியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்ஃபா எண் என்பது ஒவ்வொரு நோய்க்கும் ஆர்ஃபாநெட் தரும் எண். 355 கேட்டால் கோஷே. 70 கேட்டால் முதுகுத்தண்டு தசைச் சிதைவு. எஸ்எம்என்1 மரபணுவைத் தேடினாலும் அதே நோய் வர வேண்டும். இல்லாத ஓர் எண்ணையும் கேளுங்கள், 99999999 போல. 'கிடைக்கவில்லை' என்று வந்தால் சரி. ஏதாவது நோயைக் காட்டினாலும், பிழைச் செய்தியோடு கருவி விழுந்தாலும் உள்ளே கோளாறு. தேடும்போதும் பெயரைவிட எண் பாதுகாப்பானது. கோஷேவை ஒருவர் காஷர் என்பார், இன்னொருவர் கௌச்சர் என்பார். கேஸ் ஷீட்டில் மலையாளத்திலோ தமிழிலோ அதைக் காதில் விழுந்தபடி எழுதியிருந்தால் தேடல் தோற்கும். 355 எந்த மொழியிலும் 355.

கேள்வி: இங்கே இணையம் அடிக்கடி அறுந்துபோகும். தரவு பாதியில் நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், குமுளி

பதில்: ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். தொடக்கத்தில் திறந்த குறிச்சொல் (டேக்) அங்கே மூடப்பட்டிருக்க வேண்டும். மூடாமல் நடுவாக்கில் நின்றால் அது அரைகுறை. புதியதை எப்போதும் தற்காலிகப் பெயரில் இறக்குங்கள். பழையது அதுவரை வேலை செய்யட்டும். பிறகு நோய்களின் எண்ணிக்கையை எண்ணிப் பழையதோடு ஒப்பிடுங்கள். சில பதிவுகள் குறைவது இயல்பு, ஏனென்றால் காலாவதியான எண்களும் வேறு எண்ணோடு இணைக்கப்பட்டவைகளும் உண்டு. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால் மாற்றாதீர்கள். சரியாக இருந்தால் மட்டும் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வையுங்கள். பழைய பிரதியை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் குழந்தையின் நோயைக் கருவி காட்டுகிறது, அரசு உதவி 20 லட்சம் என்றும் காட்டுகிறது. அதை நம்பி ஐதராபாத் போகலாமா?
- வாசகி, நகரி, சித்தூர் பக்கம்

பதில்: அந்தத் தொகை பழையது, அம்மா. 2021 மார்ச்சில் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் முதலில் 20 லட்சம் வரை என்று இருந்தது. 2022 மே மாதத்தில் அது 50 லட்சம் வரை என்று உயர்ந்தது. ஆகவே உங்கள் கருவியின் அந்தப் பக்கம் அதற்கு முன் எழுதப்பட்டது. அதில் இருக்கும் மருத்துவமனைப் பட்டியலும் அதே வயதாக இருக்கலாம். நோய் தரவுத்தளத்தில் இருப்பதும் உதவிப் பட்டியலில் இருப்பதும் வேறு வேறு. ஆர்ஃபா எண் இருப்பதால் மட்டும் பணம் வராது. கொள்கை மூன்று பிரிவுகளாக நோய்களைப் பிரிக்கிறது, எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை பேசப்படும். உதவி, அரசு இதற்கென்று அறிவித்த சிறப்பு மையத்தின் வழியாகத்தான் வரும். ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனை அப்படிப்பட்ட மையம். கிளம்புவதற்கு முன் மரபணுப் பரிசோதனை அறிக்கையையும் ஆர்ஃபா எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு மையத்துக்குப் போன் போட்டு, இந்த நோய் இப்போது பட்டியலில் எந்தப் பிரிவில் இருக்கிறது, எந்த நாளில் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.