கேளுங்க, சொல்றேன்: வைபர் கால் எப்படி சும்மா கிடைக்குது?

கேள்வி: எங்க சித்தி குடும்பம் 1964-ல கப்பலேறி மெட்ராஸ் போயிட்டாங்க, வியாசர்பாடில இருக்காங்க. முன்னல்லாம் ஒரு சாவுச் சேதி சொல்லணும்னாகூட போன் ஆபீஸ்ல காத்துக் கிடந்து நிமிஷத்த எண்ணி எண்ணிப் பேசணும். இப்ப அம்மா வைபர்ங்கிற போன் ஆப்புல ஒரு மணி நேரம் பேசுறாங்க, காசே இல்ல. இது எப்படிக் கட்டுப்படியாகுது, யாருக்கு நஷ்டம்?
- வாசகி, ரங்கூன்

பதில்: காசு இல்லாம இல்ல தங்கச்சி, டேட்டா பேக் போடுறப்பவே குடுத்தாச்சு. பழைய போன்ல, பேச்சு முடியிற வரைக்கும் ரங்கூன்ல இருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒரு பாதைய உங்களுக்குன்னே பிடிச்சு வச்சிருப்பாங்க, நீங்க அழுதுட்டுப் பேசாம நின்னாலும் மீட்டர் ஓடும். அது போக இங்க உள்ள கம்பெனி அங்க உள்ள கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு பங்கு குடுக்கணும், அதுவும் நம்ம தலைலதான் விழும். நெட் கால்ல குரலப் பொடிப்பொடியா நறுக்கி, ஒவ்வொரு துண்டுலயும் போய்ச் சேர வேண்டிய விலாசத்தப் போட்டு, ஊர்ல உள்ளவங்க அனுப்புற போட்டோ, வீடியோ எல்லாத்தோடயும் கலந்து ஒரே பாதைல விட்டுடுறாங்க. பழைய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச்ல ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் டேட்டா ஒதுக்குவாங்க, அதையே 8 கிலோபிட்டாச் சுருக்குற முறை 1990கள்லயே வந்திருச்சு, அதனால ஒரு குரலுக்குப் பிடிக்கிற இடமும் குறைஞ்சது.

1995-ல இஸ்ரேல்ல வோகல்டெக்குனு ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் பேசுற சாஃப்ட்வேர வித்தது, 2003-ல ஸ்கைப் வந்தது, 2010-ல வைபர். இவங்க யாரும் உங்க தெருவுல கம்பி இழுக்கல, டவர் நடல, அந்தச் செலவெல்லாம் செஞ்சது டெலிபோன் கம்பெனி. வெளிநாட்டுக் கால் வருமானம் போனதும் அவங்களுக்குத்தான், அந்தக் கோபத்துல கொஞ்சம் நியாயமும் இருக்கு.

கேள்வி: அந்தக் கோபத்துலதான் 2011-ல நம்ம பர்மாவுல நெட் கடைகள்ல ஸ்கைப் பேசக் கூடாதுன்னாங்களா?
- வாசகர், மோல்மேன்

பதில்: ஆமாண்ணே. அப்ப நாட்டுல போன் நடத்துனது அரசாங்கக் கம்பெனி எம்.பி.டி. மட்டும்தான், வெளிநாட்டுக் கால் வருமானம் குறையுதுன்னுதான் அந்த மார்ச்சுல உத்தரவு போட்டாங்க. எனக்கு அது இன்னும் வலிக்குது, ஏன்னா மெட்ராஸ்ல அண்ணன் ஆஸ்பத்திரில கிடந்தப்போ ஒரு நெட் கடைல ஹெட்போன மாட்டிக்கிட்டுத்தான் அவன் குரலக் கேட்டேன், அந்தக் கடைக்காரர் அதுக்கப்புறம் கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னுட்டார். இந்தியாவுல 2002 ஏப்ரல்லயே நெட் போனுக்கு அனுமதி குடுத்துட்டாங்க, வெளிநாட்டுக் கால்ல வி.எஸ்.என்.எல். கம்பெனி தனியா வச்சிருந்த உரிமையும் அப்பவே முடிஞ்சது.

நம்ம பக்கம் விலை இறங்கினது போட்டி வந்ததாலதான். லட்சக்கணக்குல கியாட் (நம்ம பர்மா பணம்) குடுத்து சிம் வாங்கின காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2013-ல எம்.பி.டி. 1500 கியாட் சிம்ம குலுக்கல்ல குடுத்தது, 2014-ல வெளிநாட்டுக் கம்பெனிங்க ஊரிடூவும் டெலினாரும் அதே விலைல கடை கடையா வித்தாங்க, எம்.பி.டி.யும் இறங்கி வந்தது. அதுல இருந்து கம்பெனிங்க நிமிஷத்த விட்டுட்டு டேட்டா விக்க ஆரம்பிச்சாங்க. இப்ப வோல்ட்டின்னு போன்ல காட்டுது பாருங்க, அதுல நம்ம சாதாரண காலயும் கம்பெனியே துண்டு துண்டாத்தான் அனுப்புது.

கேள்வி: அப்ப சாதாரண நம்பர விட்டுடலாமா?
- வாசகர், பெகு

பதில்: விடாதீங்க. 2021 மார்ச்சுல ராணுவ ஆட்சி மொபைல் நெட்ட நிறுத்துச்சே, அப்ப வைபரும் இல்ல வாட்ஸ்அப்பும் இல்ல, சாதாரண கால்லதான் பிள்ளைங்க வீடு வந்துட்டாங்களான்னு கேட்டோம். ஆப்பும் நிரந்தரம் கிடையாது, அவ்வளவு பெரிய ஸ்கைப்பையே மைக்ரோசாஃப்ட் 2025 மே 5-ல மூடிருச்சு. மெட்ராஸ் சொந்தக்காரங்க நம்பர, முன்னாடி 91 சேர்த்து, ஒரு நோட்டுல பெரிய எழுத்துல எழுதி சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருங்க, அம்மாவுக்கும் அது எங்க இருக்குன்னு தெரியணும்.