வலிப்புக்கு வேகஸ் நரம்புக் கருவி வைத்தால் குணமாகுமா?

மகனுக்கு 17 வயது, மூன்று மாத்திரை கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை, நெஞ்சில் வேகஸ் நரம்புக் கருவி (கழுத்திலுள்ள வேகஸ் நரம்புக்கு மின்துடிப்பு கொடுப்பது) வைக்கச் சொல்கிறார்கள், வைத்தால் குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தம்பிக்கு வைத்து நான்கு வருடம் ஆகிறது.

குணமாகாது, குறையும். எங்களுக்கு இதை யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரமே தம்பிக்கு ஃபிட்ஸ் வந்தது. அவ்வளவு செலவும் வீண் என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது கருவி முழு அளவில் ஓடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மின்னோட்டத்தைக் கால் கால் மில்லிஆம்பியராகத்தான் ஏற்றுவார்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். போகப்போக, ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. அடியோடு நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். தம்பிக்கு மாதம் 10, 12 முறை வந்தது இப்போது 3 அல்லது 4. மாத்திரையும் தொடர்கிறது.

மூளையைத் திறப்பார்களோ என்று பயப்படாதீர்கள். இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து கழுத்து நரம்பைச் சுற்றி ஒரு கம்பி, அவ்வளவுதான். வேகஸ் நரம்பு மூளைத்தண்டிலிருந்து இதயம், குடல் வரை ஓடுகிறது. ஆனால் அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. கழுத்தில் கொடுக்கும் துடிப்பு மூளையை எட்டுவது அப்படித்தான். 1988இல் அமெரிக்காவில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள், 1997இல் அங்கே அரசு அனுமதி கிடைத்தது.

குரல் விஷயத்துக்குப் பையனைத் தயார்படுத்துங்கள். பொதுவாகக் கருவி 30 வினாடி ஓடும், 5 நிமிடம் ஓயும். குரல்வளைக்குப் போவதும் வேகஸின் கிளைதான் என்பதால் அந்த 30 வினாடியும் குரல் கரகரக்கும். தம்பி கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் மாறும், "சளி பிடிச்சிருக்கா தம்பி?" என்பார்கள். முதல் வருடம் அவன் பேசுவதையே குறைத்துக்கொண்டான், அதுதான் எங்களுக்கு வலித்தது. கூடவே ஒரு காந்தம் தருவார்கள். வலிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் கருவிமேல் ஒரு தடவை அதை வீசி எடுக்க வேண்டும், கூடுதல் துடிப்பு போகும். அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் கருவி ஓயும். மார்கழி பஜனையில் தன் பாட்டு வரும்போது தம்பி அப்படிப் பிடித்துக்கொண்டுதான் பாடுகிறான்.

அப்புறம், ஒப்புக்கொள்வதற்கு முன் டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்: வலிப்பு மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறதா, அந்த இடத்தை எடுக்க முடியுமா? முடிந்தால் அடியோடு நிற்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் அந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். தம்பிக்கு மூளையின் இரண்டு பக்கமும் கிளம்புவதால் அந்த வழி இல்லாமல் போனது.

வைத்துவிட்டீர்களானால், சில வருடங்களுக்கு ஒருமுறை பேட்டரிக்காகக் கருவியை மாற்ற வேண்டியிருக்கும். எம்ஆர்ஐ எடுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும். பிசியோதெரபியில் கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி (மின் அலையால் உடம்புக்குள் சூடு கொடுப்பது) கூடவே கூடாது. கருவிக்கான அட்டையைப் பையனின் பர்ஸிலேயே வைத்துவிடுங்கள்.