மாதாமாதம் போவது பில் இல்லை, தம்பி

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் மனைவியும் குழந்தையும் வருகிறார்களாம். வாடகை போக கரண்ட், ஹீட்டர், நெட், போன் என்று போகிற பணத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது, எந்த சிம் நல்லது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும், கார் வாங்கலாமா என்று வரிசையாகக் கேள்விகள். சிம்முக்கு ப்ரீபெய்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. கரண்டும் ஹீட்டரும்தான் விஷயம். அதில் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் வந்தது 2008 அக்டோபரில். வீட்டு ஒப்பந்தத்தில் 'வார்ம்மீட்ட', அதாவது 'சூடு வாடகை', என்று ஒரு தொகை போட்டிருந்தது. வார்ம் என்றால் ஹீட்டரும் சேர்த்துத்தானே, அப்புறம் என்ன கவலை என்று இந்தத் திருச்சிக்காரன் மூளை முடிவுகட்டிவிட்டது. ஹீட்டரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும், அதை 5-இல் வைத்தேன். புழுங்கினால் ஜன்னலை மேல்பக்கம் சாய்த்துத் திறந்துவிடுவேன், சாம்பார் வாசனையும் வெளியே போகும். வெளியே மைனஸ் 8, நான் உள்ளே பனியனோடு திரிகிறேன். ஊருக்குப் போன் பண்ணி அதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

2009-ஆம் வருஷத்துக் கணக்கு 2010 கோடையில் வந்தது. நாலு பக்கக் கடிதம். கடைசிப் பக்கத்தில் 640 யூரோ சொச்சம், பக்கத்தில் 'நாக்ட்சாலுங்' என்று ஒரு வார்த்தை. பணம் திரும்ப வருகிறது போல என்று நினைத்து ஆபீஸில் காட்டினேன். கூட வேலை பார்த்தவர் வாசித்துவிட்டு, பாவமாக என்னைப் பார்த்தார். மீதியைக் கட்டு என்று அர்த்தமாம்.

தம்பி, இங்கே மாதாமாதம் போவது பில் இல்லை, முன்பணம். போன குடித்தனக்காரர் எரித்ததை வைத்து ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். நம்ம ஊரில் ஈ.பி.காரர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார், கூடினால் அப்போதே தெரியும். இங்கே வருஷம் முடிந்த பிறகு கணக்கு அனுப்ப வீட்டுக்காரருக்குச் சட்டப்படி 12 மாதம் அவகாசம். அதாவது இந்த ஜனவரியில் செய்த தப்பு அடுத்த வருஷம் டிசம்பரில்கூட வந்து கதவைத் தட்டலாம். கணக்கு தப்பு என்று பட்டால் கேள்வி கேட்க உங்களுக்கும் 12 மாதம் உண்டு, ரசீதுகளைக் காட்டச் சொல்லலாம். நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை. கோபித்துக்கொள்வார்களோ என்று பயம்.

திருகில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது பொய், அதிகம் சூடாகும், அவ்வளவுதான். ஜன்னலைச் சாய்த்தே வைக்காமல் அஞ்சு பத்து நிமிஷம் முழுசாகத் திறந்துவிட்டு மூடுங்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஹீட்டரே போடாமல் வீட்டுக்குள் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து சாமர்த்தியம் பேசுகிறவர்கள். ஹீட்டர் செலவில் உங்கள் உபயோகத்துக்கு என்று பிரிப்பது பொதுவாக 50 முதல் 70 சதவீதம்தான், மிச்சம் வீட்டின் பரப்பளவுக்கு. நடுங்கினாலும் அந்தப் பங்கைக் கட்டத்தான் வேண்டும். சூடில்லாத வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்தால் குடிவரும்போது கொடுத்த அட்வான்ஸில் கை வைப்பார்கள், அது தனி.

கரண்டுக்கு வருவோம். குடிபோகும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த ஊருக்கான அடிப்படைத் திட்டத்தில் தானாகச் சேர்ந்துவிடுவீர்கள். பெரும்பாலும் விலை கூடிய திட்டம், ஆனால் இரண்டு வார நோட்டீஸில் விலகலாம். பத்து வருஷமாக அதிலேயே கிடக்கும் நம்மவர்களை எனக்குத் தெரியும், ஜெர்மன் கடிதம் என்றால் பிரிக்கவே மாட்டார்கள். இதற்கு நேர்மாறாக, வருஷா வருஷம் கம்பெனி மாற்றி போனஸ் வாங்கியதைப் பொங்கல் விழாவில் மைக் இல்லாமலே அறிவிக்கிறவர்களும் உண்டு. 2021 கடைசியில் மலிவு விலைக் கம்பெனிகள் சில சப்ளையை நிறுத்தியபோது அவர்கள் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

கிரைண்டர் கரண்ட் இழுக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் மூன்று சென்ட்கூட ஆகாது. குளியலறைச் சுவரில் வெள்ளையாக ஒரு பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கும் அந்தப் பெட்டி 21 கிலோவாட் என்றால், முழு வேகத்தில் பத்து நிமிஷம் ஓடினால் மூன்றரை யூனிட். யூனிட் 35 சென்ட் என்று வைத்தால் ஒரு குளியல் 1.20 யூரோ. இரண்டு பேர், தினமும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டர் திட்டு வாங்குவதெல்லாம் நாம் பக்கெட் குளியலை மறந்த பாவம்.

டி.வி. இல்லாவிட்டாலும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு, தலைக்கு இல்லை. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் வந்த கடிதத்தையெல்லாம் விளம்பரம் என்று குப்பையில் போட்டு, ஒன்றரை வருஷப் பாக்கியை மொத்தமாகக் கட்டினான்.

ஒப்பந்தங்களில் இப்போது வருகிறவர்களுக்கு யோகம். 2011-இல் ஒரு ஜிம்மில் 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். விலகுவதென்றால் மூன்று மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்பது நாள் பிந்திவிட்டது, போகாத ஜிம்முக்கு இன்னொரு முழு வருஷம் அழுதேன். 2021 டிசம்பரிலிருந்து நெட், போனுக்கு முதல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஒரு மாத நோட்டீஸ் போதும். 2022 மார்ச்சுக்குப் பிறகு போட்ட ஜிம் ஒப்பந்தங்களுக்கும் இப்போது அப்படித்தான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்டுட்கார்ட்டின் பாட் கான்ஸ்டாட் பகுதியில் இருந்த வீட்டுக்காரப் பாட்டி. படிக்கட்டு பெருக்கும் முறை யாருடையது என்று கதவில் பலகை மாட்டிவிட்டுப் போகிற ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வேபியப் பெண்மணி. மாதம் முதல் தேதி டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கி, மீட்டரைப் பார்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதுவார். உன் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று ஒருநாள் கேட்டார். தெரியாது என்றேன். பல் தேய்ப்பதில்லை என்று சொன்னவனைப் பார்ப்பது போல் பார்த்தார். இந்தப் பக்கத்து ஆட்களைக் கஞ்சர்கள் என்று மற்ற ஜெர்மானியர்கள் கிண்டலடிப்பார்கள். எனக்கு அவரைப் பார்த்தால் எங்கள் அப்பாயி ஞாபகம் வரும், தீக்குச்சியை எண்ணி வைத்த மனுஷி. அடுத்த முதல் தேதி பாட்டி என்னையும் நிலவறைக்குக் கூப்பிட்டார். டார்ச்சை நான் பிடித்துக்கொண்டேன். கையில் எனக்கென்று ஒரு புது நோட்டு வைத்திருந்தார், முதல் வரியை அவரே எழுதினார்.

அந்த நோட்டு முடிந்து இப்போது மூன்றாவது நோட்டு. என் மகள் ஆப் இருக்கே அப்பா என்கிறாள்.

இட்லி அரிசி எந்த இந்தியக் கடையிலும் கிடைக்கும். காரைப் பற்றி வீட்டில் வந்ததும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.