மாத்திரை சாப்பிடும் தம்பிக்குக் கண் மேலே செருகுகிறது, என்ன செய்ய?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. 9 வருடமாக மனநல மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்கும் ஒழுங்காகப் போகிறான். போன மாதத்திலிருந்து சாயங்காலமானால் கண் மேலே செருகிக்கொள்கிறது. அரை மணி நேரம் விட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடி மாற்றியும் பயனில்லை. சாமி இறங்குகிறது என்கிறார் அப்பத்தா. மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சகோதரி. திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் திரும்பி வரலாம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் மாத்திரையின் பக்கவிளைவு. சரிசெய்யக் கூடியது.

கண் செருகும்போது தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். "என்னக்கா" என்று பதில் வந்தால் நினைவு இருக்கிறது. வலிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. சிலர் முயன்று ஒரு நொடி கீழே பார்ப்பார்கள், மறுபடி கண் மேலே போய்விடும். கழுத்தும் பின்னால் இழுக்கும். பார்க்கிறவர்களைவிட அவருக்குத்தான் பயம் அதிகம், பக்கத்திலேயே இருங்கள்.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. மனக்குழப்பம் அடங்குவது அதனால்தான். ஆனால் தசைகளை நடத்துவதிலும் டோபமைனுக்குப் பங்கு உண்டு. அந்தச் சமநிலை குலைந்தால் கண்ணை உயர்த்தும் தசை இறுகிக்கொள்கிறது. பார்வையில் குறை இல்லாததால் கண்ணாடி மாற்றி என்ன ஆகப்போகிறது?

வழக்கமாக இது மருந்து தொடங்கிய சில நாட்களில் வரும். 9 வருடம் கழித்து வந்திருப்பதால் நான் முதலில் கேட்பது, சமீபத்தில் என்ன மாறியது என்றுதான். டோஸ் கூடியதா? புது ஊசி போட்டார்களா? சீட்டில் டிரைஹெக்ஸிபெனிடில் என்ற சின்ன மாத்திரை இருந்ததா, அதை விட்டுவிட்டாரா? வாய் உலர்கிறது, கிட்டத்து எழுத்து மங்குகிறது என்று பலர் அதை மட்டும் நிறுத்திவிடுவார்கள். இந்த இழுப்பைத் தடுப்பதே அதுதான். எதுவுமே மாறவில்லை என்றாலும் வாருங்கள். பல வருடம் சாப்பிட்ட பிறகு தாமதமாக வரும் வகையும் உண்டு, அதற்கு மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும். கண் செருகும் நேரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ப்ரோமெதசின் ஊசி போடுவார்கள், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கண் இறங்கிவிடும். இந்தத் தொந்தரவு முழுதாகச் சரியாகும்வரை பைக் ஓட்ட விடாதீர்கள்.

அப்புறம், மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அதில் கண் செருகுவதைவிட, கண்மணி வெட்டி வெட்டித் துடிப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். கீழே பார்த்துப் படி இறங்கும்போது படி ஆடுவதாகச் சொல்வார்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். லித்தியம் அளவைப் பார்க்க, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் அளவு 1.5 mmol/L-ஐத் தாண்டினால் ஆபத்து. கை நடுக்கம் பெரிதாகி, பேச்சு குழறி, நடை தள்ளாடி, வாந்தியும் சேர்ந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கலில் தனியாக வாங்கியதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண் செருகும்போது போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். காலை நேரத்தில் டாக்டர் முன் உட்காரும்போது தம்பியின் கண் நன்றாகத்தான் இருக்கும்.