வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணுக்கு மரப்புச் சொட்டு: வீட்டில் வேண்டாம்

வெல்டிங் வெளிச்சம் பட்டு வலிக்கும் கண்ணில் டாக்டர் விட்ட மரப்புச் சொட்டின் வேகம் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, அதையே பாட்டிலாக வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம், நண்பரே.

அது பெரும்பாலும் 0.5% புரோபரகெயின் என்ற மரப்பு மருந்து. அரை நிமிடத்தில் மரத்துவிடும், ஆனால் அந்த வெளிச்சத்தால் கருவிழியில் உண்டான புண்ணை மூட ஓரத்திலிருந்து நகர்ந்து வரவேண்டிய கருவிழியின் மேல்செல்களை முடக்கிவிடும். இமைப்பதும் குறையும், தூசி விழுந்தாலும் தெரியாது. நாள்கணக்கில் விட்டால் கருவிழியில் வெண்வளையம் படரலாம், ஓட்டைகூட விழலாம். நீண்ட நேரம் நிற்கும் மரப்புச் சொட்டை உருவாக்குவதில் பெரிய முட்டுக்கட்டையே இதுதான்.

இப்போதைக்குப் பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு மணிக்கு ஒருமுறை, ஒத்துக்கொள்ளுமானால் பாரசிட்டமால், இருட்டறை. கசக்காதீர்கள். வெளிச்சம் பார்த்ததும் உள்ளே இழுத்து வலித்தால் ஹோமட்ரோபின் என்ற சொட்டு தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது கண்ணின் இறுகிய உள்தசையைத் தளர்த்தும், கிட்டத்தில் இருப்பவை ஓரிரு நாள் மங்கலாகத் தெரியும். 48 மணி நேரத்தில் ஆறாவிட்டாலோ, கிரைண்டர் துகள் பட்டிருந்தாலோ உடனே கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பரிசோதனைக்குப் போங்கள்.