காமன் மீட்டர் பில்: கேள்வி பதில்

அடுக்குமாடிச் சங்கங்கள், ஊர் மண்டபம், படிப்பகம் என்று பல இடங்களிலிருந்து லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டின் (காமன் மீட்டர்) மின்செலவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மின் தணிக்கை வேலையில் இருப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேளச்சேரி, சங்கச் செயலாளர்: சார், எங்களுடையது 24 வீடு, ஒரு லிஃப்ட். பல்பு எல்லாம் எல்.இ.டி. ஆக்கியாச்சு. காமன் பில் மட்டும் இறங்கவே இல்லை.

பில்லை வைத்துக்கொண்டு காரணம் தேடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு எண், அதில் என்ன தெரியும்? வாட்ச்மேனிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். தினமும் காலை ஆறு மணி ரீடிங், மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், இவ்வளவு போதும். அப்புறம் ஒரு சோதனை. மத்தியானம், மோட்டார் ஓடாமல் லிஃப்ட் சும்மா நிற்கும்போது, மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்.

அவரே மீண்டும்: முகப்பில் 3200 என்று இருக்கிறது. நிமிடத்துக்கு 16 தடவை மின்னியது.

16-ஐ 3200-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 0.3 யூனிட். அதாவது யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்திலேயே 300 வாட் போகிறது. 60 நாளைக்கு 432 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 3,456 ரூபாய். லிஃப்ட் கூண்டுக்குள் பாருங்கள், ஆளில்லாமல் ஃபேனும் லைட்டும் ஓடிக்கொண்டிருக்கும். லிஃப்ட் நின்ற சில நிமிடத்தில் தானாக அணையும்படி செய்து தரச் சொல்லி சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். பகலில் எரியும் பேஸ்மென்ட் விளக்கு அடுத்த சந்தேகம். கேமரா ரெக்கார்டரை மட்டும் அணைக்காதீர்கள்.

தாம்பரம், பொருளாளர்: மோட்டார் பழசாகிவிட்டது, புதிது போடுங்கள் என்கிறார் பிளம்பர். நம்பலாமா சார்?

அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் அம்மா. மேல்தொட்டியின் வெளிக்குழாயை மூடிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். தொட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால், தண்ணீர் ஒரு மீட்டர் ஏறும்போது 4,000 லிட்டர். அதற்குள் மின்மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்து, மோட்டார் ஓடாதபோதும் சும்மா ஓடும் மின்சாரத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தை 4-ஆல் வகுத்தால் 1,000 லிட்டருக்கான யூனிட். சம்பிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்கு 1,000 லிட்டர் ஏற்ற, இயற்பியல் கணக்குப்படி 0.055 யூனிட்தான் தேவை. ஆனால் சின்ன மோட்டார்களின் திறன் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. அதனால் 0.2-க்குப் பக்கத்தில் வந்தால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. 0.5 என்று வந்தால் கோளாறு உண்டு. அப்போதும் முதலில் ஃபுட் வால்வ் (உறிஞ்சு குழாயின் அடியில் இருப்பது), அடைத்த வடிகட்டி, பாதி மூடிய வால்வ், கடைசியில் தேய்ந்த இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) என்ற வரிசையில் பாருங்கள். ஃபுட் வால்வ் மாற்றும் செலவு புது மோட்டாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. போர்வெல் என்றால் நீர்மட்டத்தின் ஆழத்தையும் உயரத்தோடு கூட்டுங்கள். கோடையில் எண் ஏறினால் அது மோட்டாரின் குற்றமல்ல.

தொட்டி நிரம்பி வழிகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். வழியும் தண்ணீருக்கும் பில் உண்டு. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் போட்டால் தீர்ந்தது.

மதுரைப் பக்கம், ஊர் மண்டப நிர்வாகி: அண்ணே, 30 ஃபேனையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் ஆக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு. லாபமா?

மண்டபத்துக்கு வேண்டாம் தம்பி. பழைய ஃபேன் 75 வாட், புதிது 30 வாட், மிச்சம் 45 வாட். வருஷத்தில் 40 நாள், நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு 18 யூனிட்தான் மிச்சம். அதில் ஃபேன் விலை எப்போது திரும்பி வரும்? அதையே தினமும் திறக்கும் படிப்பகத்தில் மாட்டுங்கள், 300 நாளில் 135 யூனிட் மிச்சமாகும். மண்டபத்தில் ஜெனரேட்டரைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் சுமாராகக் கிடைக்கும்; டீசல் விலையை மூன்றால் வகுத்துப் பாருங்கள், ஒரு யூனிட் என்ன விலை என்று தெரியும். கரண்ட் இருக்கும்போதே சீரியல் விளக்குக்காக அதை ஓட விடுபவர்கள் உண்டு.

கோவை: படிக்கட்டுக்கு சென்சாரா, டைமரா?

படிக்கட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் விளக்கு எரியும் சென்சார், காம்பவுண்டுக்கு டைமர்.

பெருங்குடி: எங்கள் எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) காற்று செலுத்தும் புளோயரை ராத்திரி முழுக்க நிறுத்தினால் நிறைய மிச்சமாகுமே?

ஆகும், கூடவே நாற்றமும் வரும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். இயக்குபவரை வைத்துக் கரைந்த ஆக்சிஜனை அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கும்படி ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள்.

அம்பத்தூர்: எங்களுடையது எட்டு வீடு, இரண்டு மாடி, லிஃப்ட் இல்லை. எங்களுக்கும் அதே 8 ரூபாய்தானா?

இல்லை. பத்து வீட்டுக்கு மேற்படாமல், மூன்று மாடிக்கு மேற்படாமல், லிஃப்ட் இல்லாமல் இருந்தால் பொது இணைப்புக்குக் குறைந்த கட்டணம் என்று 2023-இல் அறிவித்தார்கள், அப்போது யூனிட்டுக்கு 5.50 ரூபாய். பிறகு கட்டணம் திருத்தப்பட்டிருப்பதால் இன்றைய விகிதத்தைப் பில்லில் பாருங்கள். இப்போதும் பெரிய குடியிருப்புக்கான கட்டணமே போட்டிருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

அம்பத்தூர்: சோலார் மானியம் சங்கத்துக்கும் உண்டா?

உண்டு. 2024-இல் வந்த மத்திய அரசின் கூரை சோலார் திட்டமான பி.எம். சூர்ய கரில் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மேலே கேட்டவர்களுக்குச் சொன்ன சோதனைகளை முடித்து, ரீடிங் இறங்கிய பிறகு எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்யுங்கள்.